உதவிப்பணமும் நேரக் கணக்கும்

வறியோர்க்கு உதவிப்பணம் வழங்கும் ஊழியர்கள் தம் நேரத்தை எவ்வாறு செலவிடுகின்றனர் என்று அரசு கேட்பது தவறன்று. பொதுப்பணத்திற்குக் கணக்கு வேண்டும். ஆயின், அக்கணக்கின் தலைப்புகளை வகுப்பவர் யார், அதில் ஏறாது போவது யாருடைய நேரம் என்று கேட்கும் கடமை நமக்கும் உண்டு.

அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் இதற்கெனக் கையாளப்படுவது எழுமாற்று மாதிரி முறை. அங்கே ஒரே ஊழியர் உணவு உதவி, மருத்துவ உதவி, குடும்ப உதவி எனப் பல திட்டங்களுக்கு உழைக்கிறார். ஒவ்வொன்றின் நிருவாகச் செலவிலும் மத்திய அரசு ஒரு பங்கை ஏற்பதால், எத்திட்டத்திற்கு எவ்வளவு நேரம் சென்றது என்பது தெரிய வேண்டும். எனவே, எழுமாறாகத் தெரிந்த ஒரு நிமிடத்தில், "இப்போது என்ன வேலை? எத்திட்டத்திற்காக?" என்று ஊழியரிடம் கேட்கின்றனர். காலாண்டில் சேரும் விடைகளின் விகிதப்படி செலவு பங்கிடப்படுகிறது.

இம்முறை பிறந்த இடம் பஞ்சாலை. தறிகள் எவ்வளவு நேரம் ஓடுகின்றன, எவ்வளவு நேரம் நிற்கின்றன என்றறிய, இங்கிலாந்தின் பருத்தித் தொழிலில் திப்பெற் என்னும் புள்ளிவிவர அறிஞர் 1930களில் இதனை வகுத்தார். தறி ஓடும், அல்லது நிற்கும். மனிதர்க்கு உதவும் வேலை அத்துணை எளிதில் வகைப்படுவதன்று.

கண்டியை எடுத்துக்கொள்வோம். 1939ஆம் ஆண்டின் வறியோர் சட்டம் கொழும்பு, காலி, கண்டி மாநகரசபைகளிடம் வறியோர் உதவிப் பொறுப்பை ஒப்படைத்தது. 1948இல் சமூகசேவைத் திணைக்களமும், 1995இல் சமுர்த்திச் சட்டமும், 2023இல் அஸ்வெசுமவும் வந்தன. இன்று தெல்தோட்டைத் தோட்டமொன்றிலிருந்து ஒரு விதவை பிரதேச செயலகத்திற்கு வருகிறாள் என்று கொள்வோம். அவளுடைய பத்திரங்கள் மூன்றில் அவள் பெயர் மூன்று விதமாக எழுதப்பட்டிருக்கிறது. உத்தியோகத்தருக்குத் தமிழ் தெரியாது. தமிழறிந்த ஒருவரைத் தேடி அவர் எழுந்து செல்கிறார். அந்நிமிடத்தில் கேள்வி வந்தால் விடை என்ன? மொழிபெயர்ப்பாளரைத் தேடுவதற்குத் தலைப்பு இல்லையெனில், அது "ஏனையவை" என்ற தலைப்பில் விழும். "ஏனையவை" பெருத்தால், நேரம் வீணாகிறது என்ற தீர்ப்பும் எழும். எவளுக்கு மிகுந்த நேரம் வேண்டுமோ, அவளே சுமையாகக் காணப்படுவாள்.

மலையக மக்களுக்கு இத்தகைய கணக்கு புதிதன்று. பிரட்டுக்களத்தில் பேர் பதிந்து, கொழுந்தின் நிறை குறைந்தால் "அரைப்பேர்" போடும் செக்றோலைத் தலைமுறைகளாக அவர்கள் அறிவர். மழையும் செடியின் வளமும் அந்த ஏட்டில் ஏறுவதில்லை. குறை மட்டும் தொழிலாளியின் பெயரில் ஏறும்.

நாம் கணிதத்தைப் பழிக்கவில்லை. ஆயிரம் நிமிடங்களை எழுமாறாகத் தெரிந்து, அவற்றில் 20 வீதம் ஒரு திட்டத்திற்குரியவை எனக் கண்டால், பிழை பெரும்பாலும் இரண்டரை வீதப் புள்ளிகளுக்குள் அடங்கும். ஆனால் ஓர் ஊழியரின் 20 நிமிடங்களை மட்டும் கொண்டு அதே முடிவைச் சொன்னால், பிழை ஏறத்தாழ 18 புள்ளிகள் வரை செல்லலாம். கூட்டத்தைப் பற்றி உண்மை சொல்லும் எண், தனியொருவரைப் பற்றிச் சொல்லும்போது நம்பத்தகாததாகிவிடுகிறது. செலவைப் பங்கிட வந்த கருவியை ஊழியரைத் தண்டிக்கும் பிரம்பாக்குவது விஞ்ஞானமாகாது.

இம்முறை இங்கு வருமாயின், தலைப்புகளை வகுப்பதில் ஊழியர்க்கும் உதவி பெறுவோர்க்கும் இடம் வேண்டும். கேட்டல், மொழிபெயர்த்தல், மலையேறிச் சென்று வீடு பார்த்தல் யாவும் வேலையெனப் பதியப்பட வேண்டும். அத்துடன், இக்கணக்கு இதுவரை தொடாத ஒரு நேரமும் உண்டு: மேசைக்கு அப்பால் வாங்கில் காத்திருப்போரின் நேரம். அந்த விதவை அங்கு அமர்ந்திருக்கும் ஒவ்வொரு மணியும் அவளது நாட்கூலியிலிருந்து கழிகிறது. மாதிரி எடுப்பதாயின், அந்த வாங்கிலும் எடுக்கட்டும். உதவியின் முழு விலை என்ன, அதனை யார் செலுத்துகிறார் என்பது அப்போது தெரியும்.