ஒரே ஒரு கண்ணி

குரோஷா போடும்போது பெரியம்மாவின் இடது ஆட்காட்டி விரலைப் பார்க்க வேண்டும். நூலின் இழுப்பு அதன் பொறுப்பு. இறுக்கினால் பேத்திக்கான போர்வை விறைக்கும், விட்டுக்கொடுத்தால் தொளதொளக்கும். கொக்கி ஊசி நுழைந்து, நூலைக் கொத்தி, கண்ணி வழியே கண்ணியை இழுத்துவருகிறது. ஊசியில் எப்போதும் ஒரு கண்ணிதான் முடியாமல் நிற்கும். ஊசியை உருவி நூலை இழுத்தால் மொத்தமும் பிரியும். எண்ணிக்கை தப்பினால் அப்படித்தான் செய்வார். சர்ரென்று நாலு வரிசை போய், நூல் நெளிநெளியாய் மடியில் விழும். பதற்றம் எனக்குத்தான்.

சென்னை வெக்கைக்கு உல்லன் ஆகாதென்று மஞ்சள் பருத்தி நூல். கனம் கொஞ்சம் கூடுதல், துவைக்கத் துவைக்க மெத்தென்றாகும். தடவினால் மேடும் பள்ளமும் வரிசையாகத் தட்டுப்படும். பேத்திக்கு மஞ்சள் பிடிக்குமா என்று யாரும் கேட்கவில்லை. பெரியம்மாவுக்குப் பிடிக்கும்.