போர்மட் அடிக்காத கை

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பக்கம் கொம்பியூட்டர் திருத்துபவர்களில் நல்ல கையை எளிதில் அடையாளம் காணலாம்: கறுப்புத் திரையில் ‘நோ பூட்டபிள் டிவைஸ்’ என்று விழுந்ததும் அவர் போர்மட் அடிக்கப் பாய்வதில்லை. முதலில் பயோஸுக்குள் போய் டிஸ்க்கின் பெயர் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரியாவிட்டால் சாட்டா வயரைக் கழற்றி மாட்டுவார். உப்புக்காற்றுக் கரையில் இணைப்பு முனைகள் களிம்பேறுவது புதினமல்ல. தெரிந்தால், கோளாறு பயோஸ் அமைப்பில் இருக்கலாம். பழைய போர்டுகளில் சிஆர் 2032 பற்றறி செத்தால் பயோஸ் தொடக்க நிலைக்குத் திரும்பிவிடும். பயோஸில் சாட்டா முறை ரெய்ட் என்றிருக்கையில் பதிந்த விண்டோஸ், அந்த முறை ஏஎச்சிஐ என்று மாறியதும் தன் டிஸ்க்கையே காணாமல் நீலத்திரையில் நிற்கும். பயோஸில் ஒரு வரியைத் திருப்பி மாற்றினால் போதும்.

அமைப்பும் சரியென்றால், டிஸ்க்கின் பிரிவுக் கணக்கைப் பார்க்கவேண்டும். பழைய எம்பிஆர் முறையில் அது முதல் 512 பைட்டுக்குள் வெறும் 64 பைட்டில் அடங்கியிருக்கிறது. நான்கு பிரிவுகள், ஒவ்வொன்றுக்கும் 16 பைட். அது அழிந்தால் டிஸ்க் வெறுமையாகத் தெரியும், கோப்புகளோ உள்ளே அப்படியே கிடக்கும். (புதிய ஜிபிடி முறை தன் பிரிவுக் கணக்கின் பிரதியொன்றை டிஸ்க்கின் கடைசியிலும் வைக்கிறது. புத்தி வந்திருக்கிறது.) போர்மட் சீக்கிரம் முடியும், கடை வாடகையும் கட்டவேண்டுமே என்பார்கள். நியாயம்தான். ஆனால் மவுத்தான வாப்பாவின் படங்கள் புதிய விண்டோஸோடு திரும்பி வராது. விண்டோஸே தன்னைத் திருத்திக்கொள்ளாதா என்றால், அது பூட் கோப்புகளைச் சீராக்கும். பயோஸ் அமைப்பைத் தொடாது. ஆகவே கொடுக்கும்போதே சொல்லிவிடுங்கள்: “தம்பி, கொப்பி எடுக்காமல் டிஸ்க்கில் ஒன்றும் எழுதவேண்டாம்.”