விசிலடிக்குதுங்க என் கிரிஸ்டல்!

கிரிஸ்டல் ஆசிலேட்டர் வேலை செய்கிறதா என்று பார்க்க ஆளுக்கொரு வழி சொல்வார்கள். சொல்லட்டும்! எனக்கு ஒரு சிற்றலை ரேடியோ போதும்.

கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். கனகசெட்டிக்குளம், ராத்திரி நேரம், ஈ.சி.ஆரில் பஸ் சத்தம் ஓய்ந்துவிட்டது, சாலிடர் புகை மூக்கில் ஏறுகிறது. மேசையில் ஒரு பிசி547 டிரான்சிஸ்டர், சில ரெசிஸ்டர், கெப்பாசிட்டர், பழைய கலர் டிவி போர்டிலிருந்து பிடுங்கிய 8.867 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல். மல்டிமீட்டர் வோல்டேஜைக் காட்டும், துடிப்பைக் காட்டாதே! ஆசிலோஸ்கோப் என்றால் புரோபை 10 மடங்கில் வைக்க வேண்டும். 1 மடங்கில் வைத்தால் கேபிளின் கெப்பாசிட்டன்ஸே இந்தப் பச்சைக்குழந்தையை அமுக்கிவிடும்.

ரேடியோவைப் பக்கத்தில் வைத்து மெல்ல 8867 கிலோஹெர்ட்ஸை நெருங்குகிறேன், ஸ்ஸ்ஸென்று இரைந்துகொண்டே இருந்த ஸ்பீக்கர் சட்டென்று கப்சிப்! ஐயோ, அந்த அமைதி! கை நடுங்க ரேடியோவின் எஸ்எஸ்பி சுவிட்சைத் தட்டினேன், கிளம்பிச்சு பாருங்க ஒரு விசில், பேட்டரியைக் கழற்றினால் போச்சு, மாட்டினால் வந்தாச்சு, கிரிஸ்டல் மேல் விரலை வைத்தால் சுருதி வழுக்குது, கிரிஸ்டலையே உருவினால் மறுபடியும் வெறும் இரைச்சல், ஆக ஆட்டுவிப்பது சாட்சாத் அந்தக் குவார்ட்ஸ் துண்டேதான், நொடிக்கு 88 லட்சம் தடவைக்கு மேல், என் மேசையில், ஒரு 9 வோல்ட் பேட்டரியில்! நான் போட்ட கூச்சலில் அம்மா ஓடி வந்து, "என்னடா, பாட்டு வருதா?" என்றார். "விசில்மா, விசில்!" "இதுக்கா இந்தக் குதி?" ஆமாம், இதுக்குத்தான்!

இதில் பாண்டிச்சேரிக்காரனாக எனக்கு ஒரு பிரெஞ்சுத் திமிர் வேறு. அழுத்தினால் மின்சாரம் தரும் குவார்ட்ஸின் குணத்தை 1880-இல் பாரிஸில் கண்டுபிடித்தது ழாக், பியேர் கியூரி சகோதரர்கள். பியேரின் மாணவர் லாஞ்செவன், முதல் உலகப் போரில் அதே குவார்ட்ஸை வைத்து நீர்மூழ்கிகளைத் தேடினார். இன்று மீன்பிடிப் படகில் மீன் தேடும் எக்கோ சவுண்டர் அந்த வம்சம்தான். 1921-இல் அமெரிக்காவின் வால்டர் கேடி கிரிஸ்டலை ஆசிலேட்டரில் உட்கார வைத்தார். அவருக்கு ஒரு கும்பிடு!

துல்லியமான அதிர்வெண் வேண்டுமென்றால் கவுன்டர் வேண்டும், ரேடியோ தோராயமாகத்தான் சொல்லும். போகட்டும், யாருக்கு வேணும்! காயலான் கடையில் பழைய டிவி போர்டு கண்ணில் பட்டால் அந்த வெள்ளி டப்பிக் கிரிஸ்டலைப் பிடுங்கிவிடுங்கள். இரண்டு இருந்தால் எனக்கு ஒன்று.