அண்டாவுக்குள் அடங்காத பீர்

வீட்டில் பீர் காய்ச்சுபவர்களிடம் கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் ஒரு பாத்திரம் பரவலாகிவிட்டது. உயரமான எவர்சில்வர் அண்டா. அடியில் மின்சூடேற்றி, உள்ளே துளைபோட்ட தானியக் கூடை, ஒரு பம்ப், முன்னால் வெப்பநிலையை எண்ணில் காட்டும் கட்டுப்பாட்டுப் பெட்டி. ஜெர்மனியில் ஓஃப்டர்டிங்கன் என்ற ஊரின் ஸ்பைடல் நிறுவனம் செய்யும் பிரவ்மைஸ்டர், நியூசிலாந்தின் கிரெயின்ஃபாதர், ஆஸ்திரேலியாவின் ப்ரூஸில்லா ஆகியவை இந்த வகையில் பெயர் பெற்றவை. தண்ணீரைச் சூடாக்க ஒன்று, மால்ட்டை ஊறவைக்க ஒன்று, கொதிக்கவைக்க ஒன்று என மூன்று பாத்திரங்கள் செய்துவந்த வேலையை இந்த ஓர் அண்டா ஏற்றுக்கொள்கிறது. நல்ல கருவிதான். ஆனால் பீரின் தரம் பெரும்பாலும் தீர்மானமாகும் கட்டத்தில் இதற்கு வேலையே இல்லை. வாங்க நினைப்பவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

இந்தப் பழக்கம் சட்டம் இடம்கொடுத்த நாடுகளில் வளர்ந்தது. பிரிட்டனில் வீட்டுப் பீருக்கு உரிமம் வாங்கும் கட்டாயம் 1963-இல் நீங்கியது. அமெரிக்காவில் 1978-இல் ஜிம்மி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம், வயதுவந்த இருவர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 200 காலன் வரை வரியின்றிக் காய்ச்ச வழிவிட்டது. நியூசிலாந்தில் 1996 முதல் சொந்த உபயோகத்துக்குச் சாராயம் வடிப்பதற்கே தடையில்லை. தமிழ்நாட்டில் உரிமமின்றிக் காய்ச்சுவது குற்றம். நான் இங்கே பேசுவது சட்டம் அனுமதிக்கும் ஊர்களின் வழக்கத்தைப் பற்றி.

கருவி செய்யும் வேலையைப் பார்ப்போம். முளைகட்டி உலர்த்திய பார்லிதான் மால்ட். அதை நொறுக்கி 65 பாகை செல்சியஸை ஒட்டிய வெந்நீரில் ஒரு மணி நேரம் வைத்தால், தானியத்திலேயே இருக்கும் நொதிகள் மாச்சத்தைச் சர்க்கரையாக உடைக்கின்றன. அந்த நேரம் முழுவதும் பம்ப் அடியிலிருக்கும் சாற்றை எடுத்து மேலே விட்டுக்கொண்டே இருக்கும். பிறகு கூடையைத் தூக்கி அண்டாவின் விளிம்பில் நிறுத்தி, தானியத்தின் மேல் வெந்நீர் ஊற்றி மிச்சச் சர்க்கரையை இறக்குவார்கள். ஃபில்டரில் இரண்டாம் டிகாக்‌ஷன் இறக்குவதைப் போன்ற வேலை. சேர்ந்த சாறுதான் வோர்ட். அதே அண்டாவில் அதைக் கசப்பும் மணமும் தரும் ஹாப்ஸ் பூக்கள் சேர்த்துக் கொதிக்கவைத்து, குளிர்வித்து, வேறொரு கலத்துக்கு மாற்றி ஈஸ்ட் தூவுவார்கள். அண்டாவின் பணி அத்தோடு முடிகிறது.

இதன் உண்மையான வலிமை வெப்பநிலையைப் படிப்படியாக ஏற்றுவதில் இருக்கிறது. 60 முதல் 65 பாகை வரை சுறுசுறுப்பாக இயங்கும் பீட்டா அமைலேஸ், ஈஸ்ட் எளிதில் தின்னக்கூடிய சர்க்கரையைத் தருகிறது. 70 பாகையை ஒட்டி ஆல்ஃபா அமைலேஸின் கை ஓங்கும். அது விட்டுவைக்கும் பெரிய மூலக்கூறுகளை ஈஸ்ட் தின்பதில்லை, அவை பீருக்கு உடல்கனம் தருகின்றன. பவேரியக் கோதுமைப் பீருக்கு இன்னொரு படியும் உண்டு. 45 பாகையில் சற்று நேரம் நிறுத்தினால் ஃபெருலிக் அமிலம் விடுபடுகிறது. அந்த வகைக்கே உரிய ஈஸ்ட் பின்னர் அதை 4-வினைல் குவாயகாலாக மாற்றுகிறது. கோதுமைப் பீரில் வரும் கிராம்பு வாசனைக்கு மூலம் இதுவே. பழைய முறையில் வெப்பம் காக்கும் ஐஸ்பெட்டியில் மால்ட்டை ஊறவைப்பவர் 45-இலிருந்து 63-க்கு ஏற வேண்டுமானால் கொதிநீரைச் சேர்த்துக்கொண்டே போக வேண்டும், கலவை நீர்த்துவிடும். மின்அண்டாவிலோ படிகளை முன்கூட்டியே பதிந்துவிட்டால் தானாக ஏறுகிறது. கோதுமைப் பீரைக் காதலிக்கும் ஒருவருக்கு இந்த வசதிக்காக மட்டுமே கருவியை வாங்கலாம் என்பேன். காஸ் இல்லாமல், தீ இல்லாமல், வீட்டுக்குள்ளேயே காய்ச்சலாம் என்பது அடுக்குமாடியில் வாழ்பவருக்குக் கூடுதல் நன்மை.

ஆனால் பெட்டியில் ஒளிரும் எண்ணை அப்படியே நம்பக் கூடாது. பெரும்பாலான மாதிரிகளில் உணரி அண்டாவின் அடியில், சூடேற்றிக்கு அருகில் இருக்கிறது. அது அளப்பது அடியிலுள்ள சாற்றை. நொதிகள் வேலை செய்வதோ மேலே, தானியப் படுகைக்குள். குழாய் வழியாக மேலே போய் விழும் சாறு வழியில் வெப்பத்தை இழக்கிறது. பெட்டி 66 காட்டும்போது படுகையின் நடுவில் சில பாகை குறைவாக இருப்பது சாதாரணம். 64-க்கும் 68-க்கும் இடையே பீரின் குணமே மாறக்கூடிய வேலையில் இந்த வித்தியாசம் சிறியதல்ல. சாறு படுகையெங்கும் சமமாகவும் இறங்குவதில்லை. எளிதான தடம் கிடைத்தால் அதிலேயே ஓடும். மால்ட்டை அதிக நைசாக அரைத்திருந்தாலோ, பம்ப் வேகமாக இழுத்தாலோ படுகை இறுகி அடைத்துக்கொள்ளும். சாறு தானியத்தைத் தொடாமல் நடுவிலுள்ள வழிவுக் குழாயில் விழுந்து சுற்றிவரும். அப்போதும் எண் கச்சிதமாகவே நிற்கும். ப்ரூஸில்லாவின் புதிய பதிப்புக்குத் தானியப் படுகைக்குள் வைக்கும் தனி வெப்பமானி துணைக்கருவியாக வந்திருக்கிறது. இந்தக் குறை தயாரிப்பாளர்களுக்கும் தெரிந்ததே என்பதற்கு அதுவே சான்று.

எல்லாம் ஒன்றில் என்ற விளம்பரமும் முழு உண்மையல்ல. 23 லிட்டர் பீருக்கு ஐந்து கிலோ மால்ட் போட்டால், ஊறவைக்கும் தண்ணீர் அண்டாவில் இருக்கும். தானியத்தின் மேல் ஊற்றும் 10, 15 லிட்டர் வெந்நீரை வேறொரு பாத்திரத்தில்தான் சூடாக்க வேண்டும். பிரவ்மைஸ்டர் மொத்தத் தண்ணீரையும் முதலிலேயே அண்டாவில் ஏற்றிக் கீழிருந்து மேலாகச் செலுத்தும் வடிவம் என்பதால் அங்கே இது பெரிய தேவையில்லை. மற்றவற்றில் இரண்டாவது பாத்திரம் தேவை. நனைந்த தானியத்தோடு கூடையைத் தூக்கும்போது பத்துக் கிலோவுக்கு மேல் கனக்கும். அதுவும் சுடச்சுட, சர்க்கரைச் சாறு சொட்டச் சொட்ட. முதுகு வலி உள்ளவர்கள் இதை யோசிக்காமல் வாங்கிவிடுகிறார்கள். கப்பியும் கயிறும் கொண்டு தூக்கும் ஏற்பாட்டைச் சிலர் தாமே செய்துகொள்கிறார்கள்.

மின்சாரத்தின் எல்லையும் உண்டு. 28 லிட்டர் வோர்ட்டை 70-இலிருந்து 100 பாகைக்குக் கொண்டுபோக, இழப்பே இல்லையென்று வைத்தாலும் 2000 வாட்டில் அரை மணி நேரம் பிடிக்கும். அமெரிக்காவின் 120 வோல்ட் இணைப்புக்காகச் செய்த 1600 வாட் மாதிரிகளில் இன்னும் நீளும். கொதியும் மந்தமாகவே இருக்கும். கொதி வேகமாக வருவதற்காக மூடியைப் போட்டபடியே காய்ச்சுபவர்கள் டைமெத்தில் சல்ஃபைடை உள்ளேயே அடைத்துவைக்கிறார்கள். பில்ஸ்னர் மால்ட்டில் இதன் மூலப்பொருள் அதிகம். ஆவியோடு வெளியேறாவிட்டால் பீரில் வெந்த சோளத்தின் வாசம் வரும். அந்தப் பில்ஸ்னரைப் பிறப்பித்த பில்சென் நகரில் 1842-இலிருந்து தொடரும் முறை இன்னொன்று: மால்ட் கலவையில் ஒரு பங்கைத் தனியே எடுத்துக் கொதிக்கவைத்துத் திரும்பச் சேர்ப்பது, அதுவும் மும்முறை. அந்த முறைக்கு இந்த அண்டா தனியாக உதவாது.

பம்ப், குழாய், மின்பலகை என்று உறுப்புகள் கூடக்கூடப் பழுதாகும் இடங்களும் கூடுகின்றன. காய்ச்சி முடித்ததும் பம்புக்குள் தங்கும் இனிப்புச் சாற்றைக் கழுவித் தள்ளாவிட்டால் அடுத்த முறை புளிப்பும் பூஞ்சையும் அங்கிருந்துதான் தொடங்கும். மால்ட் மாவு அடியில் படிந்து தீய்ந்தால் அந்தக் கருகல் மொத்தப் பீரிலும் ஏறும். தானியக்கத்தை எல்லைவரை கொண்டுபோன அமெரிக்காவின் பிகோப்ரூ, நிறுவனத்தின் சேவையகத்தோடு இணைந்து இயங்கிய கருவி. 2020-இல் நிறுவனம் நொடித்தபின் அதை ஓட்டுவதற்காகப் பயனர்கள் தாங்களே மென்பொருள் எழுத வேண்டியிருந்தது. மின்பலகை செத்தாலும் வெறும் சூடேற்றியும் வெப்பமானியும் கொண்டு ஓட்டக்கூடிய அண்டா நீண்டநாள் நிற்கும். எளிய மாதிரிகளை நான் மதிப்பது இதனால்தான்.

பொத்தானை அழுத்துவது கைத்திறன் ஆகாது என்று பழைய கைகள் குறைசொல்வதுண்டு. அந்தக் குறை எனக்கு உடன்பாடில்லை. எந்த மால்ட், எவ்வளவு நைசாக அரைப்பது, எந்த ஹாப்ஸை எப்போது போடுவது என்பதையெல்லாம் மனிதர்தான் முடிவு செய்கிறார். அடுப்பைக் கூட்டிக் குறைக்கும் ஓயாத வேலை நீங்கினால் சுவைத்துப் பார்க்கவும் குறித்துவைக்கவும் நேரம் கிடைக்கிறது. அப்படிக் கிடைத்த நேரத்தில் வெளியே போய்விடுபவர்தான் சிக்கலில் மாட்டுகிறார். கொதி தொடங்கும் கணத்தில் புரதநுரை பொங்கி வழிவதைக் கருவி தடுப்பதில்லை.

இனி ஈஸ்ட்டுக்கு வருகிறேன். வோர்ட் பீராவது அண்டாவை விட்டு வெளியேறிய பின்தான். ஏல் வகை ஈஸ்ட்டுகள் பலவற்றுக்கு 18 முதல் 20 பாகை பொருந்தும். லாகருக்கு 10, 12. நொதித்தலே வெப்பத்தை வெளிவிடும் வேலை என்பதால், அறை 22-இல் இருந்தாலும் கலத்துக்குள் சில பாகை ஏறிவிடும். கோடைக்கால ஆக்லாந்திலோ சிட்னியிலோ வீட்டின் மூலையில் வைத்த கலம் எளிதில் 27-ஐத் தொடும். அப்போது பல ஈஸ்ட்டுகள் கடுமையான ஃப்யூசல் ஆல்கஹாலைத் தருகின்றன. மால்ட்டை எவ்வளவு துல்லியமாக ஊறவைத்திருந்தாலும் பீர் எரிந்து இறங்கும். புட்டியில் அடைக்கும்போது காற்றுப் பட்டால் ஹாப்ஸ் மணம் சில வாரங்களில் மங்கிவிடும். இவை இரண்டிலும் அண்டா எதையும் செய்ய முடியாது. பழைய ஃப்ரிட்ஜ் ஒன்றும், அதை நிறுத்தி இயக்கும் சிறிய வெப்பக் கட்டுப்பாட்டுக் கருவியும் இந்த மின்அண்டாவின் விலையில் சிறு பங்குதான் ஆகும். பீரில் அவை கொண்டுவரும் மாற்றமோ இதைவிடப் பெரியது.

எனவே தொடங்குபவர் பெரிய குண்டானும் துணிப்பையும் கொண்டு காய்ச்சட்டும். ஆஸ்திரேலியர்கள் பரப்பிய அந்தப் பை முறையில் கிடைக்கும் வோர்ட்டை இந்த அண்டாவின் வோர்ட்டிலிருந்து நாக்கு பிரித்தறிவது கடினம். ஃப்ரிட்ஜ் வந்து, நொதித்தல் கைவசப்பட்டு, கோதுமைப் பீரோ பில்ஸ்னரோ கேட்கும் வெப்பப் படிகள் தேவைப்படும்போது மின்அண்டாவை வாங்கலாம். காஸ் அடுப்பு வைக்க வழியில்லாத வீட்டில் இந்த வரிசை மாறும். அங்கே அண்டா முதலிலேயே வேண்டியிருக்கும். பழையதாக வாங்குபவர்கள் பம்பைத் தண்ணீர் விட்டு ஓட்டிப் பார்த்து, அடித்தட்டில் கருகல் உண்டா என்று தடவிப் பார்த்து, அந்த மாதிரிக்கான மின்பலகை இன்னும் தனியாக விற்கப்படுகிறதா என்பதை உறுதிசெய்துகொண்டு பணம் கொடுக்க வேண்டும்.