கைக்குப் பள்ளி, கண்ணுக்கு?

தில்லியில் பாராளுமன்றத் தெருவில் இருக்கும் ரிசர்வ் வங்கிக் கட்டிடத்தின் முன்னால் இரண்டு பெரிய கற்சிலைகள் நிற்கின்றன. ஒன்று யக்ஷன், மற்றது யக்ஷி. செய்தவர் ராம்கிங்கர் பைஜ். பொதுக் கட்டிடங்களில் நம் கலைஞர்களின் வேலை இருக்க வேண்டும் என்று நேரு விரும்பியதையொட்டி ஐம்பதுகளில் அவரிடம் ஒப்படைக்கப்பட்ட காரியம் இது. முடிந்து நிலைநிறுத்தப்பட 1967 ஆகிவிட்டது. யக்ஷனின் ஒரு கையில் பணப்பை, மறு கையில் இயந்திரத்தின் பல்சக்கரம். குபேரனின் பரிவாரத்தைச் சேர்ந்தவனை ஐந்தாண்டுத் திட்ட காலத்துக்கு அழைத்து வந்திருக்கிறார் ராம்கிங்கர்.

2016 நவம்பரில் செல்லாமல் போன நோட்டுகளோடு ஜனங்கள் வரிசை நின்ற இடங்களில் இந்த வாசலும் ஒன்று. அதே நாட்களைத் தமிழ்நாட்டில் ஒரு வங்கிக் கவுண்டருக்கு உள்ளே உட்கார்ந்து கழித்தவன் நான். வரிசையில் நின்றவர்கள் சிலையை நிமிர்ந்து பார்க்கவில்லை என்று குறை சொல்ல மாட்டேன். பணத்துக்கு நிற்பவனுக்கு வேறு கவலை. எனக்கு உறுத்துவது வேறு விஷயம். சில ஆண்டுகள் கழித்து முதல் தடவையாகத் தில்லி போய் அந்தத் தெருவில் நடந்தபோது எனக்கு வரிசையும் இல்லை, அவசரமும் இல்லை. நானும் பார்க்கவில்லை. கல் தெரிந்தது, சிலை தெரியவில்லை. ஊர் திரும்பி ராம்கிங்கரைப் பற்றிப் படித்த பிறகுதான் எதைக் கடந்து வந்தேன் என்று தெரிந்தது. கவிதையில் ஒரு சொல் பிசகினால் உடனே படுகிற கண்ணுக்கு, இரண்டு ஆள் உயரத்துக்கும் மேலே நிற்கும் கல் ஏன் படவில்லை?

இதற்கு நம்மிடம் இரண்டு பதில்கள் தயாராக இருக்கின்றன. நம் ஜனங்களுக்கு ரசனை இல்லை என்பது ஒன்று. இது விற்காத ஓவியனின் பதில். தஞ்சைப் பெரிய கோயிலைக் கட்டிய இனம் இன்று கண்ணிழந்து நிற்கிறது என்பது இன்னொன்று. இது மேடைப் பேச்சாளனின் பதில். இரண்டிலும் சௌகரியம் இருக்கிறது. இரண்டுமே, இந்த நாட்டில் கலைப்பள்ளிகளும் காட்சிக்கூடங்களும் எந்த வரிசையில், எந்த நோக்கத்தோடு வந்தன என்று கேட்பதிலிருந்து நம்மை விடுவித்துவிடுகின்றன.

2

சென்னையில் 1850-ல் அலெக்ஸாந்தர் ஹன்ட்டர் என்ற கம்பெனி டாக்டர் தன் சொந்த முயற்சியில் ஒரு கலைப்பள்ளியைத் துவங்கினார். சில ஆண்டுகளில் சர்க்கார் அதை எடுத்துக்கொண்டது. 1851-ல் மியூசியம் துவங்கியது. அதன் முதல் பொறுப்பாளர் எட்வர்ட் பால்ஃபர், அவரும் டாக்டர். பின்னால் பள்ளி பெரியமேட்டிலும் மியூசியம் எழும்பூரிலும் நிலைகொண்டன. நடந்து போகிற தூரம்தான். கல்கத்தாவில் 1854, பம்பாயில் 1857, லாகூரில் 1875 என்று மற்றப் பள்ளிகள் வந்தன. தேவைப்பட்டவர்கள் நல்ல கைவினைஞர்கள். ரயில்வேக்கும் மராமத்து இலாகாவுக்கும் படம் போடத் தெரிந்தவர்கள். லண்டன் சௌத் கென்ஸிங்டன் பாடமுறை கப்பலேறி வந்தது. கிரேக்கச் சிலைகளின் பிளாஸ்டர் வார்ப்பை முன்னால் வைத்துக்கொண்டு, அது போலவே வரும் வரைக்கும் பையன் வரைந்தான்.

கை நன்றாகவே பழகிற்று. 1898-ல் இந்தியாவில் அலுமினியப் பாத்திரத் தொழிலுக்கு வித்திட்ட சோதனைகளை ஆல்ஃபிரட் சாட்டர்டன் செய்தது இந்தச் சென்னைக் கலைப்பள்ளியில்தான். நம் சமையலறைக்குள் அலுமினியம் வந்தது ஒரு கலைப்பள்ளி வழியாக. இதைக் கேலியாகச் சொல்லவில்லை. தன் நோக்கத்துக்கு உண்மையாக இருந்த ஒரு ஸ்தாபனத்தின் சாதனை அது. அந்த நோக்கத்தில் கண்ணுக்கு இடம் இல்லை என்பதுதான் விஷயம்.

எழும்பூரில் அமராவதிச் சிற்பங்கள் வந்து சேர்ந்தன. பின்னால் உலகம் முழுவதும் பேசும் சோழ வெண்கலங்கள் வந்து சேர்ந்தன. சென்னை ஜனங்கள் இந்த இடத்துக்குச் 'செத்த காலேஜ்' என்று பெயர் வைத்தார்கள். மிருகக்காட்சிசாலை 'உயிர் காலேஜ்' ஆயிற்று. அறியாமையில் வைத்த பெயர் என்று நாம் சிரித்துவிட்டுப் போகிறோம். எனக்கு அது நல்ல விமர்சனமாகத் தோன்றுகிறது. வழிபாட்டிலிருந்து, வெளிச்சத்திலிருந்து, தான் நின்ற திசையிலிருந்து பிடுங்கப்பட்டு, எண் ஒட்டப்பட்டு நிற்பது எதுவோ அது செத்தது. அதை வேறு விதமாக உயிர்ப்பிக்கலாம்தான். அதற்கு அருகில் நின்று சொல்ல ஒருவன் வேண்டும். காணும் பொங்கலன்று அங்கே கூட்டம் கூட்டமாக வந்தவர்கள் ரசனை இல்லாமல் வரவில்லை. வந்தார்கள், சுற்றினார்கள், சொல்ல ஆள் இல்லாததால் திமிங்கலத்தின் எலும்புக்கூட்டைப் பார்த்துவிட்டுப் போனார்கள். கையைப் பழக்க ஒரு வீடு, பொருளைக் காக்க ஒரு வீடு. இரண்டுக்கும் நடுவில் நிற்க வேண்டிய பார்வையாளனுக்கு யாரும் இடம் ஒதுக்கவில்லை.

3

வேறு மாதிரியும் முடியும் என்பதற்கு இந்த நாட்டிலேயே சாட்சி இருக்கிறது. முன்பு சென்னைப் பள்ளிக்குத் தலைவராக இருந்த ஹாவெல், 1896-ல் கல்கத்தாப் பள்ளிக்குப் பொறுப்பேற்றார். அங்கே கலைக்கூடத்திலிருந்த ஐரோப்பியப் படங்களை விலக்கிவிட்டு, அந்த இடத்தில் முகலாயச் சிற்றோவியங்கள் போன்றவற்றைச் சேர்த்தார். எதிர்த்தவர்கள் வங்காளி மாணவர்களும் வங்காளப் பத்திரிகைகளும். உயர்ந்த கலையை எங்களிடமிருந்து பறிக்கிறான் வெள்ளைக்காரன் என்றார்கள். பள்ளி என்ன கற்றுக்கொடுக்கிறது என்பதை அதன் சுவரில் தொங்குவது தீர்மானிக்கும் என்று ஹாவெலுக்குத் தெரிந்திருந்தது. அவருடைய ஆன்மிக வியாக்கியானங்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. இந்த ஒரு விஷயத்தில் அவர் சரி.

அதைப் பரிபூரணமாகச் செய்துகாட்டியது 1919-ல் துவங்கிய சாந்திநிகேதனின் கலாபவனம். அங்கே பள்ளிக்கும் காட்சிக்கூடத்துக்கும் நடுவில் கதவு கிடையாது. விடுதியும் படிப்பிடமும் நடைபாதையுமே காட்சிக்கூடம். ராம்கிங்கரின் சந்தாலக் குடும்பம் 1938-ல் சிமெண்டும் செம்பாறைக் கற்பொடியுமாகத் திறந்த வெளியில் எழுந்தது. வினோத் பிஹாரி முகர்ஜி 1946-47-ல் இந்தி பவனத்தின் சுவர்களில் மத்தியகால பக்தர்களைத் தீட்டினார். பிறவியிலேயே ஒரு கண் பார்வை இல்லாதவர், மறு கண்ணும் மங்கல். முழு அளவில் முன்வரைவு எதுவும் போடாமல் ஈரச் சுவரில் நேராக வரைந்துகொண்டு போனார். பத்தாண்டுக்குள் பார்வை முழுவதும் போயிற்று. அவரைப் பற்றி 1972-ல் படம் எடுத்தவர் அவருடைய மாணவர் சத்யஜித் ரே. ரே கலாபவனத்தில் படிப்பை முடிக்கவில்லை, ஓவியனாகவும் ஆகவில்லை. ஒரு கலைப்பள்ளியை எப்படி அளப்பது என்பதற்கு இதைவிடச் சரியான உதாரணம் எனக்குத் தெரியாது. எத்தனை ஓவியர்களை உண்டாக்கிற்று என்பதல்ல கணக்கு. எத்தனை கண்களைத் திறந்தது?

அதே 1938-ல் ஹரிபுரா காங்கிரஸ். காந்தி கேட்டுக்கொண்டதன் பேரில் நந்தலால் போஸ் தன் சீடர்களோடு நூற்றுக்கணக்கான படங்களைத் தயாரித்தார். மேளம் அடிப்பவன், செருப்புத் தைப்பவன், தச்சன், வீட்டுவேலை செய்யும் பெண். மூங்கிலும் கீற்றுமாகப் போட்ட பந்தல்களின் வாசல்களில் அவை நின்றன. மாநாட்டுக்கு வந்த கிராமத்தான் தனியாகக் கலை பார்க்கப் போக வேண்டியிருக்கவில்லை. போகிற வழியில் கலை நின்றது. அவனுக்கு இது புரியுமா என்று யாரும் சந்தேகப்படவும் இல்லை. ரசனை இல்லாத ஜனங்கள் என்ற பேச்சுக்கு ஹரிபுராவே பதில்.

4

சுதந்திரத்துக்குப் பிறகு என்ன ஆயிற்று? 1954-ல் தில்லியில் தேசிய நவீனக் கலைக்கூடம், அதே ஆண்டில் லலித் கலா அகாடமி, 1968-ல் சர்வதேச த்ரைவார்ஷிகக் கண்காட்சி. கலைக்கூடம் வைத்த இடம் ஜெய்ப்பூர் மகாராஜாவின் தில்லி மாளிகை. ஹரிபுராப் படங்களில் பல இன்று அங்கேதான் இருக்கின்றன. பாதுகாக்கப்பட வேண்டியவைதான். ஆனால் கீற்றுப் பந்தலிலிருந்து மாளிகைக்குப் போன பிரயாணத்தில் அவை எவனுக்காக வரையப்பட்டனவோ அவன் கழன்றுகொண்டான். கலைக்கூடத்துக்குப் பின்னால் பம்பாயிலும் பெங்களூரிலும் கிளைகள் வந்தன. சென்னையில் வரவில்லை. எழும்பூர் வளாகத்தில் செந்நிறக் கட்டிடத்தில் இருந்த தேசிய ஓவியக்கூடமோ விரிசல் கண்டு பல ஆண்டுகள் பூட்டியே கிடந்தது.

பரோடாவில் நல்ல பள்ளி அமைந்தது. சென்னையில் பொருளாதாரம் படித்துவிட்டுச் சாந்திநிகேதன் போன கே. ஜி. சுப்ரமண்யன் அங்கே ஆசிரியராக இருந்தார். கைவினைக்கும் கலைக்கும் நடுவில் சுவர் இல்லை என்று வேலையிலும் எழுத்திலும் காட்டியவர். அதே பள்ளியில் 2007 மே மாதம், ஒரு மாணவர் தேர்வுக்காக வளாகத்துக்குள் வைத்திருந்த படைப்புகள் மத உணர்வைப் புண்படுத்துவதாக வெளியிலிருந்து ஒரு கூட்டம் புகுந்தது. மாணவர் கைதானார். சக மாணவர்கள் நம் மரபுச் சிற்பங்களில் உள்ள சிருங்காரக் காட்சிகளின் படங்களை எடுத்து ஒரு கண்காட்சி வைத்து பதில் சொன்னார்கள். பல்கலைக்கழகம் அதை மூடச் சொன்னது. மறுத்த பொறுப்பு டீன் தற்காலிகமாக நீக்கப்பட்டார். மாணவர்களின் பதில் மிகச் சரியானது. பாருங்கள், இதுவும் உங்களுடையதுதான் என்பதே அதன் பொருள். அந்த வாக்கியத்தைக் கேட்கப் பழகிய காது வளாகத்துக்கு வெளியே இல்லாமல் போயிற்று. பள்ளி அரை நூற்றாண்டுக்கு மேலாக ஓவியர்களோடு மட்டும் பேசிக்கொண்டிருந்ததற்கான விலை இது என்று எனக்குத் தோன்றுகிறது. புகுந்தவர்களின் குற்றம் இதனால் குறையாது.

ஒரே ஒரு இடத்தில் வரிசையை மாற்றிப் பார்த்தார்கள். 1982-ல் போபாலில் பாரத் பவன் திறந்தபோது அதன் ஓவியப் பிரிவுக்குப் பொறுப்பாக இருந்தவர் ஜே. சுவாமிநாதன், சிம்லாவில் பிறந்த தமிழர். இளைஞர்களைக் கிராமங்களுக்கு அனுப்பினார், வரைவதற்காக அல்ல, பார்த்துவர. அவர்கள் பார்த்தவற்றில் ஒன்று, பட்டன்கட் கிராமத்தில் ஜன்கட் சிங் ஷ்யாம் என்ற கோண்டு இளைஞன் சுவரில் தீட்டியிருந்த படம். நகரத்து நவீன ஓவியமும் ஆதிவாசியின் ஓவியமும் ஒரே கூரையின்கீழ் சமமாக வைக்கப்பட்டன. ஜன்கட் பாரிஸ் வரை போனார். 2001-ல் ஜப்பானில் ஒரு மியூசியத்துக்கு வரைந்துகொடுக்கப் போன இடத்தில் தற்கொலை செய்துகொண்டார். படத்தைப் பார்க்கக் கற்றுக்கொண்ட நாம் வரைந்தவனைப் பார்க்கக் கற்றுக்கொள்ளவில்லை. சுவாமிநாதனின் சாதனையை இது அழிக்கவில்லை. அது எங்கே நின்றுபோயிற்று என்று காட்டுகிறது.

2012-லிருந்து கொச்சியில் நடக்கும் பினாலே, பழைய கிடங்குகளுக்குள் கலையைக் கொண்டுபோய் லட்சக்கணக்கானவர்களை உள்ளே வரவழைத்தது. நல்ல காரியம். திருவிழாவுக்கு வந்த கண், திருவிழா முடிந்ததும் என்ன செய்கிறது என்பதுதான் மிச்சமிருக்கும் கேள்வி.

5

இனி நம் விஷயம். பணிக்கர் 1957 முதல் 1967 வரை சென்னைப் பள்ளியின் முதல்வர். 1966-ல் ஈஞ்சம்பாக்கத்தில் சோழமண்டலம் உருவாயிற்று. பாத்திக் துணியும் கைவினைப் பொருள்களும் செய்து விற்ற பணத்தில் ஓவியர்கள் தங்களுக்கென்று நிலம் வாங்கிக் குடியேறினார்கள். எந்த சர்க்காரையும் எதிர்பார்க்காத காரியம். 1963-லிருந்து பணிக்கர் தன் படங்களில் எழுத்தை வரைந்தார். ஜாதகக் கட்டம் போல, கணக்கு போல, மலையாள எழுத்தின் சாயலில், வாசிக்க முடியாத எழுத்து. ஓர் ஓவியன் எழுத்திலிருந்து அர்த்தத்தை வடித்துவிட்டு அதன் உருவத்தை மட்டும் நிறுத்துகிறான். இது எழுத்தாளனுக்கு நேராக விடப்பட்ட சவால். தமிழில் நாம் அதற்குப் பதில் சொன்னோமா? அந்த ஓவியர்கள் தங்களைப் பற்றிப் பேச நடத்திய பத்திரிகை ஆங்கிலத்தில் வந்தது. அவர்களைக் குறை சொல்லிப் பயன் இல்லை. தமிழில் பேச எதிராளி இருக்க வேண்டாமா?

நாம் செய்தது ஒன்று உண்டு. நடை, கசடதபற காலத்திலிருந்து ஆதிமூலம் போன்றவர்களின் கோடுகள் சிறுபத்திரிகைகளில் வந்தன. தமிழ் வாசகனுக்குக் கிடைத்த ஒரே நவீன ஓவியக்கூடம் அந்த அட்டைகள்தான். முந்நூறு பிரதிகள் கொண்ட ஓவியக்கூடம். ஆனால் நாம் அட்டையைத் திருப்பிவிட்டு உள்ளே இருந்த கவிதைக்குப் போனோம். ஓவியத்தைப் பற்றி எழுத நேர்ந்தபோது வர்ணங்கள் பேசுகின்றன, கோடுகள் நடனமாடுகின்றன என்று எழுதினோம். ஒரு கவிதையைப் பற்றி இப்படி எவனாவது எழுதினால் அடுத்த இதழிலேயே அவனைக் கிழித்திருப்போம்.

தமிழில் இதற்குச் சொல் இல்லை என்பது சாக்கு. மார்கழிக் காலையில் வாசலில் போட்ட கோலத்தைப் பார்த்து, இழை ஒன்றுபோல வரவில்லை, நெளி இறுகிவிட்டது, சிக்கு இங்கே பிரிந்துவிட்டது என்று பக்கத்து வீட்டு அம்மாள் சொல்கிறாள். அவள் எந்தப் பள்ளிக்கும் போகவில்லை. கோட்டின் கனம், வேகம், முடியும் இடம் மூன்றையும் ஒரு வாக்கியத்தில் சொல்லிவிடுகிறாள். சுவாமிமலை ஸ்தபதியிடம் உடம்பின் அளவுக்கும் வளைவுக்கும் சொல் இருக்கிறது. நம்மிடம் மட்டும்தான் இல்லை. ஏனெனில் நாம் பார்க்கும்போது பக்கத்தில் யாரிடமும் பேசுவதில்லை, எழுதும்போது எதையும் பார்ப்பதில்லை.

கலைக்கூடம் வரட்டும், பள்ளி சீர்ப்படட்டும் என்று சர்க்காருக்கு மனுப் போடுவது நம் வேலை இல்லை. ஓர் இதழுக்கு ஒரு படம், ஒருவர், இரண்டு பக்கம். படத்தில் என்ன இருக்கிறது என்று மட்டும் எழுதட்டும்: எது மேலே, எது கீழே, கோடு எங்கே தடிக்கிறது, கண் எங்கே நிற்க மறுக்கிறது. அபிப்பிராயம் பிறகு. இதைக்கூடச் செய்ய முடியாவிட்டால், ஜனங்களின் ரசனையைப் பற்றி நாம் வாயைத் திறக்காமல் இருப்பது நல்லது.