திருகைச் சுற்றிய ஈறு

அறுபதாம் கல்யாணம், எண்பதாம் கல்யாணம் நெருங்கும் செட்டிநாட்டு வீடுகளில் பிள்ளைகள் செய்து வைக்கும் காரியங்களோடு இப்போது இம்பிளாண்ட் பல்செட்டும் சேர்ந்துகொண்டிருக்கிறது. வெளியூரிலோ வெளிநாட்டிலோ இருக்கும் மகன் செலவை ஏற்றுக்கொள்கிறார். அப்பச்சிக்குப் பல் வந்துவிடுகிறது, மகன் ஊர் திரும்பிவிடுகிறார். அந்தப் பல்லைச் சுற்றியுள்ள ஈறை இனி யார் பார்ப்பது என்ற கேள்வி மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை.

சிகிச்சையின் அருமையில் எனக்கு ஐயமில்லை. சாதாரண மேல்செட்டு அண்ணத்தில் பதிந்து நிற்கும். கீழ்ச்செட்டுக்கு அந்தப் பிடிமானம் கிடையாது. நாக்கு அசைந்தால் எழும்பும், உரசிய இடம் புண்ணாகும். பல் போன தாடையெலும்பு வருடா வருடம் தேய்வதால், நன்றாகப் பொருந்திய செட்டும் சில ஆண்டுகளில் ஆடத் தொடங்கும். கீழ்த்தாடையின் முன்பகுதியில் இரண்டு இம்பிளாண்ட் வைத்து, அவற்றின் மேல் செட்டைச் சட்டைப் பொத்தான் போல அமுக்கி மாட்டிவிட்டால் இந்தத் தொல்லைகள் பெருமளவு தீரும். இம்பிளாண்டைச் சுற்றிய எலும்பு தேய்வதும் குறையும். பல்லே இல்லாத கீழ்த்தாடைக்கு இதையே முதல் தேர்வாகக் கொள்ளலாம் என்று 2002இல் கனடாவின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் கூடிய வல்லுநர்கள் அறிவித்தார்கள். முறுக்கையும் சீப்புச் சீடையையும் பார்த்துக்கொண்டு மட்டும் இருந்த ஒருவர் மறுபடி கடித்துத் தின்பது சின்ன விஷயமில்லை.

இம்பிளாண்ட் என்பது தாடையெலும்பில் பதிக்கும் டைட்டானியத் திருகு. டைட்டானியத்தோடு எலும்பு ஒட்டி வளர்வதை 1950களில் கண்டவர் ஸ்வீடனின் பெர்-இங்வார் பிரோனெமார்க். 1965இல் முதல் நோயாளிக்கு அதைப் பொருத்தினார். டைட்டானியத்தின் மேல் தானாகப் படரும் மெல்லிய ஆக்சைடு படலம் அதை அரிப்பிலிருந்து காக்கிறது. காரைக்குடிக்காரர்களுக்கு இதை அதிகம் விளக்க வேண்டியதில்லை. உலோக அரிப்பையும் டைட்டானிய மின்முனைகளையும் ஆராய்ந்து பெயர் பெற்ற மத்திய மின்வேதியியல் ஆய்வகம் 1953 முதல் இந்த ஊரில்தான் இருக்கிறது. ஆக, உலோகம் உறுதியானது. அதைச் சுற்றியிருக்கும் சதைதான் பலவீனமான இடம்.

இயற்கைப் பல்லின் வேரில் ஈறின் நார்கள் குறுக்கே புகுந்து இறுகப் பிடித்திருக்கும். இம்பிளாண்டில் அந்த நார்கள் உள்ளே புக முடியாது; பக்கவாட்டில் அணைத்தபடிதான் நிற்கும். அங்கே ரத்த ஓட்டமும் குறைவு. எனவே அழுக்குப் படலம் தேங்கினால் அழற்சி எளிதாக ஆழத்துக்கு இறங்கிவிடும். முதல் கட்டத்தில் ஈறு சிவந்து, தொட்டால் ரத்தம் கசியும். அப்போதே சுத்தம் செய்தால் பழையபடி ஆகிவிடும். அடுத்த கட்டத்தில் எலும்பு கரைகிறது. போன எலும்பைத் திரும்பக் கொண்டுவருவது மிகக் கடினம். பெரும்பாலும் வலியும் இருக்காது. இம்பிளாண்டுக்குச் சொத்தை வராது என்பது உண்மைதான், ஆனால் நோயே வராது என்று அதற்குப் பொருளில்லை.

இங்கேதான் நிலையான செட்டுக்கும் கழற்றி மாட்டும் செட்டுக்கும் உள்ள வேறுபாடு முக்கியமாகிறது. நான்கோ ஆறோ இம்பிளாண்டில் திருகி இறுக்கிய நிலையான செட்டையே பலர் விரும்புகிறார்கள். சொந்தப் பல் போல இருக்கிறது, கழற்றும் கூச்சமும் இல்லை. ஆனால் அதன் அடியில் சேரும் சோற்றுப் பருக்கையை எடுக்க, சன்னமான இடைப்பல் பிரஷ்ஷையோ தடித்த பல்நூலையோ ஒவ்வொரு திருகையும் சுற்றி நுழைக்க வேண்டும். கண் மங்கி விரல் நடுங்கும் ஒருவர், பெரிய வீட்டில் துணைக்கு ஆளில்லாமல் இருப்பவர், இதைத் தினமும் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமா? அவருக்கு இரண்டு இம்பிளாண்டில் கழற்றி மாட்டும் செட்டே மேல் என்பது என் உறுதியான கருத்து. இரவில் கழற்றித் தண்ணீரில் போடலாம்; வாயில் தெரியும் இரண்டு குமிழ்களையும் மென்மையான பிரஷ்ஷால் ஈறோரம் வரை துலக்கலாம்; ஈறுக்கும் ஓய்வு கிடைக்கும். அதிலும் குறை உண்டு. பிடிமானம் தரும் நைலான் வளையம் தேயும், அவ்வப்போது மாற்ற வேண்டும். குமிழ்களுக்குப் பதில் கம்பி வைத்து இணைத்திருந்தால், சுத்தம் குறையும்போது கம்பிக்கடியில் ஈறு வீங்கி வளரும்.

வாய்க்கு வெளியே இருக்கும் காரணங்களையும் விடக்கூடாது. கட்டுப்படாத சர்க்கரை ஈறு ஆறுவதைத் தாமதப்படுத்தும். ரத்தக் கொதிப்புக்குப் பலர் சாப்பிடும் அம்லோடிபின் மாத்திரை சிலருக்கு ஈறைத் தடிக்க வைக்கும். மாத்திரையை நிறுத்தாமல் மருத்துவரிடம் சொன்னால் மாற்று தருவார். வெற்றிலையோடு போடும் புகையிலையை இம்பிளாண்டுக்குப் பிறகும் தொடர்வது கேடு. உப்பும் கரியும் கலந்த பல்பொடியால் செட்டைத் தேய்த்தால் கீறல் விழும், கீறலில் கிருமி தங்கும். செட்டுக்குச் சோப்பும் மென்மையான பிரஷ்ஷும் போதும்.

பல் மருத்துவர்கள் மீதும் எனக்கு ஒரு மனக்குறை உண்டு. அறுவைக்கும் செட்டுக்கும் சேர்த்து ஒரே தொகை சொல்கிறார்கள். மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை வந்து ஈறை அளந்து பார்க்க வேண்டும், அதற்கும் செலவாகும் என்பதை அந்தப் பேச்சிலேயே சொல்பவர் குறைவு. கழற்றும் செட்டு, நிலையான செட்டு இரண்டையும் மேசையில் வைத்து, நோயாளியின் கையாலேயே ஒருமுறை சுத்தம் செய்யச் சொல்லிப் பார்த்தால் எது பொருந்தும் என்பது அங்கேயே தெரிந்துவிடும்.

தொடர் கவனிப்புக்கு வழியில்லாமல் இல்லை. பக்கத்துப் புதுக்கோட்டையில் 2023இல் அரசு பல் மருத்துவக் கல்லூரி வந்திருக்கிறது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரையும் கொதிப்பும் பார்க்க வீட்டுக்கே வரும் பெண்களுக்கு, செட்டைக் கழற்றச் சொல்லி ஈறையும் ஒரு பார்வை பார்க்கப் பயிற்சி தரலாம். இன்னொன்றை மகன்களே செய்யலாம். இம்பிளாண்டின் கம்பெனிப் பெயரும் அளவும் எழுதிய அட்டையை மருத்துவரிடம் கேட்டு வாங்கி, வீட்டில் சாவிக்கொத்து இருக்கும் இடத்தில் வைத்துவிட்டுப் போகட்டும். கம்பெனிக்குக் கம்பெனி திருகும் அதைக் கழற்றும் கருவியும் மாறும். கோலாலம்பூரில் போட்டதைக் காரைக்குடியில் ஒருவர் திறந்து சுத்தம் செய்ய வேண்டுமானால் அவர் முதலில் கேட்பது அந்த அட்டையைத்தான்.