தண்டவாளம் போட்டால் ஊர் வருமா?

ஊருக்காக ரயிலா, ரயிலுக்காக ஊரா? நகரத்தையும் இருப்புப்பாதையையும் கட்டச் சொல்லும் கணினி விளையாட்டுகள் நாட்டுக்கு நாடு இதற்கு வெவ்வேறு விடை சொல்லியிருக்கின்றன. ஜப்பானிய விடைதான் ஆழமானது என்பது என் எண்ணம்.

அமெரிக்காவில் வில் ரைட் உருவாக்கிய 'சிம்சிட்டி' 1989இல் வந்தது. ஆடுபவர் அங்கே மேயர். குடியிருப்பு, வணிகம், தொழில் என்று நிலத்தைப் பிரித்துவிட்டு, சாலையோ தண்டவாளமோ போட்டு இணைத்தால் போதும். சாலையே போடாமல் தண்டவாளம் மட்டும் போட்டாலும் ஊர் வளரும். ஆனால் ரயில் எத்தனை மணிக்கு வரும், எங்கே நிற்கும் என்பது மேயரின் கவலையே இல்லை. மறு ஆண்டு வந்த சிட் மெயரின் 'ரெயில்ரோடு டைகூன்' ஆடுபவரை ரயில் கம்பெனி முதலாளி ஆக்கியது. பங்கு வாங்கிப் போட்டியாளரை விழுங்கலாம். ஊர்களோ பெரும்பாலும் சரக்கு ஏற்றி இறக்கும் இடங்கள்தான்.

ஊரையும் ரயிலையும் ஒன்றாகப் பார்த்தவர்கள் ஜப்பானின் ஆர்ட்டிங்க் நிறுவனத்தார். 1985இல் தொடங்கிய அவர்களுடைய 'ஏ-டிரெய்ன்' வரிசையில் மூன்றாவது விளையாட்டை, சிம்சிட்டியை வெளியிட்ட மேக்ஸிஸே 1992இல் அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அதில் கட்டடம் எழுப்பக் கட்டுமானப் பொருள் வேண்டும். அதைச் சரக்கு ரயில்தான் கொண்டுவர வேண்டும். வயல்வெளி நடுவே ஒரு நிலையம். சரக்கு ரயில் வந்து நின்றதும் பக்கத்தில் கட்டிகட்டியாகப் பொருள் குவிகிறது. சில நாளில் குவியல் கரைந்து, அந்த இடத்தில் வீடுகள் முளைக்கின்றன. இனிப் பயணிகள் ரயில் விடலாம். ஆள் நடமாட்டம் கூடக்கூட மனை விலை ஏறுகிறது. நிலையத்தை ஒட்டிய நிலத்தை முன்கூட்டியே வாங்கி வைத்த கம்பெனிக்கு அடுக்குமாடியிலும் ஹோட்டலிலும் காசு. டிக்கெட் காசை மட்டும் நம்பினால் வளர்ச்சி ஆமை வேகம்தான்.

இது கற்பனைக் கணக்கு இல்லை. ஒசாகாவில் கொபயாஷி இச்சிஸோ 1910இல் ஓடவிட்ட மின்சார ரயில் பெரும்பாலும் கிராமங்கள் வழியாகவே போனது. ஏறுவதற்கு ஆள் எங்கே என்று பலர் சந்தேகப்பட்டார்கள். அவரோ பாதையோரம் நிலத்தை வாங்கிப்போட்டு, இகெடாவில் வீடு கட்டித் தவணை முறையில் விற்றார். பாதையின் ஒரு கோடியான தகராஸுகாவில் பெண்கள் மட்டுமே நடிக்கும் இசை நாடகக் குழுவை அமைத்தார்; அதன் முதல் நிகழ்ச்சி 1914இல் நடந்தது. மறுகோடியான உமெடா நிலையத்தில் 1929இல் பல்பொருள் அங்காடி திறந்தார். காலையில் வேலைக்கு, ஞாயிற்றுக்கிழமை நாடகத்துக்கு என்று இரு திசையிலும் பெட்டிகள் நிரம்பின. அவருடைய ஹான்க்யூ கம்பெனியின் இந்த வழியைப் பிற தனியார் ரயில் கம்பெனிகளும் பின்பற்றின. ஏ-டிரெய்ன் ஆடுபவர் கொபயாஷியின் நாற்காலியில்தான் உட்காருகிறார்.

பிரிட்டனில் கிறிஸ் சாயர் 1994இல் தந்த 'டிரான்ஸ்போர்ட் டைகூன்' இன்றும் உயிரோடு இருக்கிறது. 2004இல் லுட்விக் ஸ்ட்ரிகேயஸ் தொடங்கிய 'ஓப்பன் டிடிடி' என்ற இலவச வடிவத்தை ஆர்வலர்கள் இன்றுவரை வளர்த்துவருகிறார்கள். ஜங்ஷனில் சிக்னலைத் தப்பான இடத்தில் வைத்தால் இரண்டு ரயில்கள் எதிரெதிரே நின்றுவிடும், பின்னால் வரிசை கட்டிவிடும். அந்த முடிச்சை அவிழ்ப்பதிலேயே ஓர் இரவு போய்விடும். என்னை அதிகம் ஈர்த்தது வேறொன்று: வழியில் இருக்கும் மரங்களையும் வீடுகளையும் இஷ்டத்துக்கு இடித்தால் உள்ளூர் நிர்வாகத்துக்குக் கோபம் வந்து, அடுத்த நிலையத்துக்கு அனுமதி மறுத்துவிடும். சமாதானம் செய்ய ஊரைச் சுற்றி மரம் நட வேண்டும். லஞ்சம் கொடுத்தும் பார்க்கலாம்.

இத்தனை விளையாட்டுகளில் ஊர் வாய் திறந்து 'முடியாது' என்று சொல்வது அரிதாக இப்படித்தான். பின்லாந்தில் உருவாகி 2015இல் வந்த 'சிட்டீஸ்: ஸ்கைலைன்ஸ்' விளையாட்டிலும் புல்டோசரை எதிர்த்து யாரும் குறுக்கே வந்து படுப்பதில்லை. நிஜ வாழ்க்கை அப்படி இல்லை. ஜப்பானில் நரிடா விமான நிலையத்துக்கு நிலம் எடுத்தபோது 1966 முதல் விவசாயிகள் போராடினார்கள். டோக்கியோவிலிருந்து அங்கே போக வேண்டிய ஷின்கான்சென் அதிவேக ரயில் பாதைக்கு 1974இல் வேலை தொடங்கி, வழியோர மக்கள் எதிர்ப்பினால் 1983இல் நின்றது. 1987இல் திட்டமே ரத்தானது. அதற்கென்று கட்டிய நிலத்தடி நிலையத்துக்கு 1991இல்தான், வேறு பாதைகளின் ரயில்கள் வந்தன. நிலத்தின் விலையை இவ்வளவு நுட்பமாகக் கணக்கிடும் ஏ-டிரெய்ன், அந்த நிலத்தை விற்க மறுக்கும் விவசாயியையும் ஒருநாள் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பது என் ஆசை.